தரையில் உட்காரச் சொன்ன மகனுக்கு

ஜெயராஜ்,

இன்று காலைப் பூசையில் உன் திருமண ஓலையை இரண்டாவது முறையாக வாசித்தார்கள். உன் பெயர், எங்கள் பெயர், மணப்பெண்ணின் பெயர், அவளுடைய பங்குக் கோயில். பிறகு வழக்கமான அந்த வாக்கியம்: இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும். உன் அம்மா தலையைக் குனிந்து புன்னகைத்தாள். நான் பெஞ்சின் ஓரத்தில் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். திருமணத்துக்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல ஓலையில் இடமில்லை. பூசை முடியும் முன்பே வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் உன் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துப் பிழை திருத்துவதற்காக நீ கொடுத்திருந்த கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறது. தனியாக அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தவிர, இதில் வரும் மனிதர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்களைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தப் பக்கம் எப்படித் தொடங்கியது என்பதை நீ மறந்திருக்கலாம். திருவொற்றியூரில் நம் தெருவுக்கு வாடை வராத வாரம் கிடையாது. காற்று மணலியிலிருந்து அடித்தால் ஒன்று, எண்ணூரிலிருந்து அடித்தால் இன்னொன்று. நான் மணலியில் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவன், வேதியியலில் முதுகலை படித்தவன். ஆனாலும் இது என்ன வாடை என்று தெருவில் யாரும் என்னைக் கேட்டதில்லை. நீ பாதுகாப்புப் பொறியியல் படித்துவிட்டு, ஆலைகளைத் தணிக்கை செய்யும் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், உன்னைக் கேட்டார்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த பெண்கள் நடுவில் நின்று நீ விளக்கினாய். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அத்தைதான், "வாயால சொன்னா எனக்கு நிக்காது தம்பி, போன்ல எயுதிப் போடு, தேவப்பட்டா எடுத்துப் பாத்துக்குவோம்" என்றாள். அந்த வாரமே எழுதினாய். முதல் கட்டுரையில் ஆவி அடர்த்தி என்றும் வெளிப்பாட்டு அளவு என்றும் இருந்தது. ஸ்டெல்லா படித்துவிட்டுச் சொன்னதை நீ வெகுநாள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாய்: "இன்னா தம்பி இது, ஆஸ்பத்திரி சீட்டு மாரி கீது. நான் இன்னா கம்பவுண்டரா?" மறுபடியும் உட்கார்ந்து எழுதினாய். "மூக்கை எரித்து, கண்ணில் நீர் வரவைக்கும் இந்த அம்மோனியா வாடை காற்றைவிட லேசானது, மேலே ஏறும். வெளியே போக வழியில்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத் துண்டை மூக்கில் வைத்துத் தரையில் உட்காருங்கள்." நான் அதில் ஓர் ஒற்றெழுத்தைத் தவிர எதையும் திருத்தவில்லை. நல்ல தமிழ் அது. உன்னிடம் இதை நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் எழுதினாய். அப்போதும் உனக்கு நேரமில்லைதான். தூத்துக்குடியிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் திரும்பும் ரயிலில், மேல் படுக்கையில் கழுத்தை மடித்துக்கொண்டு, கைப்பேசியிலேயே எழுதுவாய். எண்ணூரில் சாம்பல் பறக்கும் மாதங்களில் துணியை எங்கே உலர்த்துவது, டேங்கர் லாரி கவிழ்ந்தால் அதன் பின்பக்கத் தகட்டில் எதைப் பார்ப்பது, எந்த வாடைக்கு மாடிக்கு ஓடுவது, எதற்குத் தெருவைவிட்டே விலகுவது. சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றும் ஆட்கள்கூட அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பிறகு பதவி உயர்ந்தது. பெருங்குடிக்குக் குடிபோனாய். இணையத்தில் விடாமல் எழுதும் பழக்கத்தை வேலைப்பளு உள்ளவர்கள் எப்படி வளர்த்துக்கொள்வது என்று சொல்லித்தரும் ஒரு வகுப்பில் சேர்ந்தாய். ஒருமுறை சாப்பிட வந்தபோது, தட்டை நகர்த்திவிட்டு, அந்த வண்ண வண்ணக் கட்டங்கள் போட்ட அட்டவணையை எனக்கு விரித்துக் காட்டினாய். ஒரு மாலை உட்கார்ந்தால் வாரம் முழுவதற்கும் எழுதி முடித்துவிடலாம், நேரத்தைக் குறித்துவிட்டால் அதுவே வெளியாகிவிடும் என்றாய். "அப்பா, நான் தூங்கிட்டு இருப்பேன், என் எழுத்து வேலை செஞ்சிட்டு இருக்கும்." உன் அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். நான் மோர் ஊற்றிக்கொண்டேன். அன்று முதல் உன் தொழில்வட்டாரம் கூடும் அந்த இணையதளத்தில் ஆங்கிலத்தில் நாள் தவறாமல் எழுதுகிறாய். தலைமைப் பண்பு, விடாமுயற்சி, தோல்வி கற்றுத்தந்த பாடம். ஒன்றைக்கூட விடாமல் படித்திருக்கிறேன். இங்கே, தமிழில், ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகிவிட்டன.

கோபத்தில் நிறுத்தியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். "இனி எழுதப்போவதில்லை" என்று ஒரு வரி போட்டிருந்தால் தெரு வேறு யாரையாவது தேடியிருக்கும். நீ ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாய். என் வேலையில் அப்படி எழுந்து போக முடியாது. என் பணி முறை முடிந்ததும், அடுத்து வருபவன் என் முன்னால் நிற்க வேண்டும். என்ன ஓடுகிறது, என்ன நின்றிருக்கிறது, எந்த வால்வு இறுகிக் கிடக்கிறது, எதைப் பற்றி எனக்கே சந்தேகம் இருக்கிறது என்று நான் வாயால் சொல்ல வேண்டும். அவன் "எடுத்துக்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் நாற்காலியைவிட்டு எழலாம். ஒன்றுமே நடக்காத நாளிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். ஏனென்றால், சொல்லாமல் போனவன் எதைச் சொல்லாமல் போனான் என்பது உள்ளே வருபவனுக்குத் தெரியாது. நேற்று கேட்டதையே இன்றைக்கும் உண்மை என்று வைத்துக்கொண்டு அவன் கைப்பிடியைத் திருப்புவான். நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு நான் வராமல்போன நாளை நீ இன்னும் சொல்லிக்காட்டுகிறாய். வெள்ளைச் சட்டையில், மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாயாம். என்னை விடுவிக்க வேண்டியவர் எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியிலேயே இருந்தேன். வீடு திரும்பியபோது உன் அம்மா, "பெத்த புள்ளயவிட அந்த நாற்காலி பெருசா போச்சா?" என்று கேட்டாள். அந்த நாளுக்காக இன்றும் நான் வருந்தவில்லை. உன் அம்மாவும் மன்னிக்கவில்லை. இருவரும் அப்படியே வாழ்ந்துவிட்டோம்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். மறுபடியும் திறந்தேன். காற்று எந்தப் பக்கமென்று இன்று முடிவாகத் தெரியவில்லை. அந்த வியாழக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் தெருவுக்குள் வந்தது அம்மோனியா இல்லை. எண்ணெயும் அழுகலும் கலந்த கனமான வாடை. காற்றைவிடக் கனத்தது, சாக்கடையோரமாக ஊர்ந்து வந்து, தாழ்வான இடம் பார்த்துத் தங்கும். எங்கிருந்து வந்தது என்பதை இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் வேலையில் இருந்தேன். ஸ்டெல்லா உன் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். புதிதாக ஒன்றும் இல்லை. அதற்குள் தெருவின் வாட்ஸாப் குழுவில் யாரோ உன் பழைய அம்மோனியாக் கட்டுரையை வெட்டி ஒட்டிவிட்டார்கள். முதல் பாதி இல்லை. எந்த வாடைக்கு என்பதும் இல்லை. தேதி இல்லை, நீ எப்போதுமே தேதி போட்டதில்லை. கீழே உன் பெயர் மட்டும் இருந்தது. தெருவில் பாதிப்பேர் மூச்சுத் திணறியதும் கட்டுரையை மறந்து மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். ஸ்டெல்லாவும், "யோவ், எந்திரிய்யா, மேல போலாம்" என்று புருஷனைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். சகாயம் மாமா அசையவில்லை. வீசிங் உள்ள மனிதர், ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர், உன்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர். "போடி, ஒனக்கு இன்னா தெரியும். ஜெயராஜு எயுதிகீறான், கீய குந்தணும்னு. அவனுக்குத் தெரியாததா?" கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலேயே தாழ்வான பின்கட்டில், ஈரத் துண்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா கத்திக் கூப்பிட்டுப் பக்கத்து வீட்டு ஆட்கள் தூக்கி வந்தபோது உதடு நீலமாக இருந்ததாம்.

நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே அவருக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. உன் அன்றைய ஆங்கிலப் பதிவு. குறித்த நேரத்துக்கு வெளியாகியிருந்தது. சோர்ந்த நாளிலும் தன் இடத்துக்கு வந்து நிற்பவனே நம்பிக்கையைச் சம்பாதிக்கிறான் என்று எழுதியிருந்தாய். முழுவதும் படித்தேன். மொழி சீராக இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. கீழே யாரோ கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

மறுநாள் உன்னை அழைத்தேன். "அது முன்னாடியே ஷெட்யூல் பண்ணினதுப்பா, நான் சைட்ல இருந்தேன்" என்றாய். சகாயம் மாமாவைப் பற்றிக் கேட்டாய், வருந்தினாய்; அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு சொன்னாய்: "அந்தத் தமிழ்ப் பக்கத்தையே எடுத்துடலாம்னு இருக்கேன். நாளைக்கு எவனாவது கேஸ் கீஸ்னு வந்தா கம்பெனியில என்னைத்தான் கேப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இதை முடிச்சிடறேன்." பேச்சோடு பேச்சாக, மேளக்காரருக்குச் சொல்லியாகிவிட்டதா என்றும் கேட்டாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து உன்னோடு பேசவில்லை. அது கோபத்தால்தான். ஆனால் எனக்குக் கத்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

நீ பக்கத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அந்தப் பழைய வாக்கியம் உன்னிடம் இல்லை. அது தெருவின் கைப்பேசிகளில் இருக்கிறது. பக்கம் போனால், அதைத் தவறு என்று சொல்லக்கூடிய ஒரே இடம் போகும், வாக்கியம் போகாது. இன்னும் ஒன்றும் உனக்குத் தெரியாது. சகாயம் பிழைத்து வந்துவிட்டார். மாடிப்படி ஏற முடியவில்லை, ஆட்டோ மூடாக்குப் போட்டு நிற்கிறது. ஆனால் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. நீ எழுதியதால்தான் தான் பிழைத்ததாக அவர் நம்புகிறார். "துண்டு மட்டும் இல்லன்னா அன்னிக்கே சங்கு ஊதியிருப்பாங்கோ. ஜெயராஜு புண்ணியம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். தவறான யோசனைக்கு இப்போது உயிரோடு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் விளக்கினேன். அது வேறு வாடை, இது வேறு வாடை, அன்று நீங்கள் மேலே போயிருக்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "கோச்சுக்காத அண்ணாத்தே. நீ கம்பெனி ஆளு. ஊரே இருமிகினு இருந்தப்பகூட வாடையே இல்லன்னு சொன்னவங்கோ ஒங்க ஆளுங்க. எம்புள்ள மாரி ஜெயராஜு, அவன் சொல்லட்டும், கேட்டுக்கறேன்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றுமில்லை. இத்தனை ஆண்டு படிப்பும் பணியும் அந்தக் கட்டிலருகில் எதற்கும் உதவவில்லை. இதே பக்கத்தில் இப்போது நான் எழுதுவதைப் படித்தாலும் தெரு அதையேதான் சொல்லும்: அப்பன் கம்பெனி ஆள்.

ஆகவே நீதான் எழுத வேண்டும். உன் வகுப்பில் சொல்லித்தந்த பழக்கத்தை நான் இகழவில்லை. அதிகாலையில் எழுந்து எழுதுகிறவனை யார் இகழ முடியும்? ஆனால் உனக்கு நான் சொல்லக்கூடிய பழக்கம் வேறு. எழுத உட்காரும் முன் ஒரு முகத்தை நினைத்துக்கொள். ஆயிரம் பேர் வேண்டாம், ஸ்டெல்லா போதும். அவள் கேட்கக்கூடிய கேள்விக்கு மேல் ஒரு வரிகூட வேண்டியதில்லை. நேரம் கிடைக்கும்போது என்று வைக்காதே, கிடைக்காது. உன் வாரத்தில் ஏற்கெனவே அசையாமல் நிற்கும் ஏதாவது ஒன்றின் முதுகில் அதைக் கட்டு: ஊர் திரும்பும் ரயிலோ, தணிக்கை முடிந்து கார் வரும்வரை காத்திருக்கும் நேரமோ. நாலு வரி போதும். மேலே தேதி போடு. இது எந்த வாடைக்கு, எதற்குப் பொருந்தாது என்று முதல் வரியிலேயே போடு, கடைசியில் போட்டால் வெட்டிவிடுவார்கள். ஒன்றும் நடக்காத வாரத்தில், "இந்த வாரம் சொல்ல ஒன்றுமில்லை, பழையதை எடுத்துப் பார்க்காதீர்கள்" என்று எழுது. அதை எழுத வெட்கப்படாதே; என் வேலையில் பெரும்பாலான நாட்கள் நான் சொன்னது அதைத்தான். நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்து, உனக்கும் குடும்பம் வரப்போகிறது. ஆனால் வேறு ஒருவரைக் கூட்டிவந்து, தெருவின் முன் நிறுத்தி, அவர் "எடுத்துக்கிட்டேன்" என்று சொன்ன பிறகு எழுந்து போ. முன்கூட்டியே எழுதி வைக்காதே. வியாழக்கிழமை வாடையைத் திங்கட்கிழமை எழுத முடியாது.

உன் கல்யாணப் பத்திரிகையைச் சகாயம் வீட்டுக்கு நீ கைப்பேசியில் படமாக அனுப்பியிருக்கிறாய். ஸ்டெல்லா அதை எனக்குக் காட்டி, "புள்ளைக்கு வேல ஜாஸ்தி போலண்ணே" என்று உனக்காகவே பேசினாள். அவளிடம் காட்ட முடியாத முகத்தை இங்கே காட்டுகிறேன். அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்கு முன் நீ வா. பத்திரிகையைக் கையில் கொண்டு வா. அவர் கட்டிலருகில் உட்கார்ந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வாக்கியம் எந்த வாடைக்கு என்று எழுதி, அவரையே உரக்கப் படிக்கச் சொல். "தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க" என்று மட்டும் சொல்லாதே. அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். வழக்கு வரும் என்று கம்பெனி பயந்தால், என் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொள். அது பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய சங்கதி.

இதுவரை எழுதிவிட்டு, உட்கார முடியாமல், வாசலுக்குப் போனேன். எதிர்வீட்டுக் கீழ்ப்பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கத்துப் பெண், தோளில் கைக்குழந்தை. சகாயம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அவளுக்குத் தெருவின் நடைமுறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாடை வந்துதுன்னு வையி, பேஜாராவாத. கதவச் சாத்து. துண்ட நனச்சி மூஞ்சில போடு. கொயந்தயத் தூக்கிகினு தரைல குந்திக்கோ. அவ்ளோதான்."

"யாருண்ணே சொன்னது?"

"ஜெயராஜு. அதோ, அந்த வூட்டுப் புள்ள. பெரிய இன்ஜினீரு. அவன் எயுதுனாத்தான் நம்புவோம். நானே சாட்சி, பாரு, குத்துக்கல்லு மாரி குந்திகீறேன்."

நான் தெருவைக் கடந்து போய் அந்தப் பெண்ணிடம், "எல்லா வாடைக்கும் அப்படி இல்லம்மா. தரையில உட்காரவே கூடாத வாடையும் இருக்கு. கனமா இருந்தா குழந்தையத் தூக்கிட்டு மாடிக்குப் போயிடு" என்றேன். சகாயம் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்கியது. "ஜெயராஜோட அப்பன்தான். ஆனா கம்பெனி ஆளு, கண்டுக்காத" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, துண்டை எவ்வளவு ஈரமாக நனைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டாள்.

அப்பா